கப்பல் அரிசியும் வயல் அரிசியும்

(விவசாயிகள் கல்வி வகுப்பில் நிகழ்த்திய உரையின் சுருக்கம்)



சோற்றுக்கு ஒரு நாடு வயலை நம்புவதா, கப்பலை எதிர்பார்ப்பதா? இது வெறும் வியாபாரக் கணக்கல்ல; அரசியல். இலங்கையையும் பிலிப்பைன்ஸையும் பாருங்கள். இரண்டும் அந்நிய ஆட்சியில் கிடந்த தீவு நாடுகள். இரண்டிலும் சோறே பிரதான உணவு. ஆனால் இரண்டும் எதிரெதிர்த் திசையில் நடந்தன.

1948ல் சுதந்திரம் பெற்றபோது, இலங்கை தான் உண்ட அரிசியில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்தது. வெள்ளையர் ஆட்சி மூலதனத்தையெல்லாம் தேயிலைக்கும் ரப்பருக்கும் திருப்பியிருந்தது. கொரிய யுத்த காலத்தில் அரிசி விலை ஏறியது. 1952 டிசம்பரில், அமெரிக்காவின் எதிர்ப்பையும் மீறி, சீனாவுடன் ஒப்பந்தம் ஏற்பட்டது: வருஷத்துக்கு 50,000 டன் ரப்பர் கொடுத்து, 2,70,000 டன் அரிசி பெறுவது. அப்படியும் 1953ல் சர்க்கார் பங்கீட்டு அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது. ஆகஸ்ட் 12ல் இடதுசாரிகள் தலைமையில் ஹர்த்தால் வெடித்தது. மந்திரி சபை துறைமுகத்தில் நின்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் போய்க் கூடியது! அக்டோபரில் பிரதம மந்திரி டட்லி சேனநாயகா ராஜிநாமா செய்தார்.

அந்த அடியை எந்த சர்க்காரும் மறக்கவில்லை. நெல்லுக்கு ஏற்கெனவே இருந்த உத்தரவாத விலையோடு, குத்தகை விவசாயிக்குப் பாதுகாப்பளிக்கும் 1958ம் வருஷத்து நெற்காணிச் சட்டம், உர மானியம், சொந்த ஆராய்ச்சியில் பிறந்த விதை, மகாவலி நீர் என்று ஒவ்வொன்றாக வந்தன. சட்டத்தில் ஓட்டைகள் இருந்தன. நிலவுடைமையாளர் அவற்றைப் பயன்படுத்தினர். ஆனாலும் 2010க்குப் பின், நல்ல மழை பெய்த வருஷங்களில் இறக்குமதி மிகச் சொற்பமாயிற்று.

பிலிப்பைன்ஸ் கதை வேறு. 1960ல் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் அங்கேதான் அமைந்தது. 1966ல் வெளிவந்த ஐ.ஆர்.8 விதை நம் தஞ்சை வயல்களுக்கும் வந்தது. 1970களின் இறுதியில் அந்நாடு சிறிது அரிசி ஏற்றுமதியும் செய்தது. ஆனால் 2008ல் அதுவே உலகின் மிகப் பெரிய அரிசி இறக்குமதியாளர்! இந்தியாவும் வியட்நாமும் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியதும், மணிலாவில் அரிசிக்கு நீண்ட வரிசைகள்.

புயல் அடிக்கிறது, பெரிய ஆற்றுச் சமவெளிகள் இல்லை, ஜனத்தொகை பெருகிவிட்டது என்கிறார்கள். உண்மைதான். ஆனால் நிலச் சீர்திருத்தம் இழுபட்டதும், பாசனம் புறக்கணிக்கப்பட்டதும் இயற்கையின் குற்றமா?

“மலிவான அரிசி வந்தால் ஏழைக்கு லாபந்தானே?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி, நகரத் தொழிலாளியும் நம்மவர்தான். 2019ல் அங்கே இறக்குமதிக் கட்டுப்பாட்டை நீக்கி, வரி மட்டும் விதித்தார்கள். களத்து மேட்டில் நெல் விலை சரிந்தது. கடையில் அரிசி விலை அந்த அளவுக்கு இறங்கவில்லை. இடையில் நின்றவன் கொழுத்தான். 2024ல் இறக்குமதி 45 லட்சம் டன்னையும் தாண்டியது.

இலங்கையும் மார்தட்டிக்கொள்ள முடியாது. 2021ல் விவசாயியைக் கேட்காமலே ரசாயன உர இறக்குமதியைத் திடீரெனத் தடுத்தார்கள். விளைச்சல் வீழ்ந்தது, மறுவருஷம் பல லட்சம் டன் அரிசி கப்பலில் வந்தது. அறுபது வருஷ உழைப்பைச் சில மாதங்களில் ஓர் உத்தரவு சாய்த்துவிட்டது.

ஆகவே தோழர்களே, விதை மட்டும் சோறு போடாது. உழுகிறவன் கையில் நிலமும், வாய்க்காலில் தண்ணீரும், நெல்லுக்குக் கட்டுபடியாகும் விலையும், ஏழைக்கு நியாயவிலைக் கடையும் சேர்ந்து நிற்க வேண்டும். நான்கில் ஒன்றை வெட்டினாலும், நம் கண்கள் துறைமுகத்தின் பக்கம் திரும்பிவிடும்.