குடியும் குடியுரிமையும்



'குடி' என்பது பல பொருள் குறித்த சொல். குடும்பம், குலம், உறைவிடம், ஆட்சிக்கு உட்பட்ட மக்கள் ஆகிய யாவும் அதன் பொருள்களே. குடியிருத்தல், குடியேறுதல், குடிபெயர்தல் என்பனவும் அதிலிருந்து கிளைத்தவை. ஓரிடத்தில் நிலைத்து வாழ்பவர் அவ்விடத்துக் குடிகள் என்பதே இச்சொல்லின் இயல்பான கருத்து. 'குடியுரிமை' என்பதோ இக்காலச் சட்டம் தந்த சொல். வாழ்வதால் மட்டும் அது வாய்ப்பதில்லை. அரசு ஒப்பினால்தான் வாய்க்கும். இவ்விரு சொற்களுக்கும் இடையே அகப்பட்டு அல்லலுற்றவர்கள் மலையகத் தமிழர்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் இலங்கையின் மலைச்சரிவுகளில் முதலில் காப்பியும் பின்னர்த் தேயிலையும் பயிரிட்டனர். அத்தோட்டங்களுக்குத் திருநெல்வேலி, இராமநாதபுரம், மதுரை, திருச்சிச் சீமைகளிலிருந்து கூலிகளாக மக்கள் சென்றனர். நெல்லைச் சிற்றூர்ப் பெண்ணொருத்தி அங்குப் பட்ட பாட்டைப் புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி' என்னும் கதையில் எழுதிவைத்தார்.

இலங்கை விடுதலை பெற்ற 1948-ஆம் ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் வந்தது. ஏறத்தாழ 7 இலட்சம் தோட்டத் தமிழர் நாடற்றவராயினர். அடுத்த ஆண்டு அவர்களது வாக்குரிமையும் பறிபோயிற்று. இதுபற்றி அந்நாட்டு மக்களிடையே ஒரே கருத்து நிலவவில்லை என்பது நோக்கத்தக்கது. கண்டிச் சிங்கள உழவர்க்கு ஓர் அச்சம் இருந்தது. 1840-ஆம் ஆண்டின் நிலச்சட்டத்தால், ஆவணமற்ற நிலங்கள் அரசின் உடைமையாகித் தோட்ட முதலாளிகளிடம் சென்றிருந்தன. 1947-இல் நடந்த தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரசு ஏழு இடங்களை வென்றது. நிலத்தை இழந்தவர்கள், இனி அரசியல் வலிமையையும் இழப்போம் என அஞ்சியதில் வியப்பில்லை. ஆனால் நிலத்தைக் கொண்டது ஆங்கில ஆட்சி. ஒறுக்கப்பட்டவர்களோ அந்நிலத்தில் கொழுந்து பறித்தவர்கள்.

சிங்களரிலேயே இடதுசாரிகள் இச்சட்டத்தை எதிர்த்தனர். தமிழர்களும் இரண்டுபட்டனர். அமைச்சர் பதவி ஏற்ற ஜி.ஜி. பொன்னம்பலத்தோடு மாறுபட்டு, எஸ்.ஜே.வி. செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தார். 1947-இல் வென்ற எழுவருள் ஒருவரான சி.வி. வேலுப்பிள்ளை கவிஞர், தோட்ட மக்களின் நாட்டுப்பாடல்களைத் தேடித் தொகுத்தவர். சட்டம் யாரை அயலார் என்றதோ, அவர்தம் பாடல்களில் அந்த மலைகளே தாய்மண்ணாக இருந்தன.

1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கவும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கவும் முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. எங்கு வாழ விரும்புகிறீர்கள் என்று அம்மக்களைக் கேட்டு இக்கணக்கு எழுதப்படவில்லை. ஒப்பந்தங்களின்படி 4 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியா வந்து சேர்ந்தனர். அவர்களுக்காக நீலகிரியிலும் வால்பாறையிலும் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் அமைந்தன. செங்கோட்டைக் கணவாய்க்கு அப்பால், புனலூரைத் தலைமையிடமாகக் கொண்டு, 1976-இல் மறுவாழ்வு இரப்பர்த் தோட்ட நிறுவனம் தொடங்கப்பட்டது. தென்காசிச் சீமைக்கு அண்டை அயலிலேயே இவ்வரலாற்றின் சான்று இருக்கிறது. அங்கே 'கள்ளத்தோணி' என்று இகழப்பட்டவர்கள், இங்கே 'சிலோன்காரர்' என்று பெயர் பெற்றனர். இரு கரையிலும் அவர்கள் வந்தேறிகளே!

இலங்கையில் எஞ்சியோர்க்கு 2003-ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை வழங்கியது. 1948-இல் எந்த உரிமையால் நாட்டின் எதிர்காலமே கெடும் என்று அஞ்சினார்களோ, அவ்வுரிமை 55 ஆண்டுகளுக்குப்பின் அளிக்கப்பட்டபோது நாடு கெட்டுவிடவில்லை. இடைப்பட்ட இரண்டு தலைமுறை வாழ்வு மட்டும் கெட்டது.

இதே வினா தமிழகத்திலும் எழுந்துள்ளது. 1983-க்குப் பின் 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஈழத்தமிழர் இங்குத் தஞ்சம் புகுந்தனர். முதலில் வீடுதோறும் இரக்கம் சுரந்தது. 1991-இல் இராஜீவ் காந்தி கொலையுண்டபின் ஐயம் மிகுந்தது. 2021-இல் முகாம்களில் இருந்தோர் ஏறத்தாழ 58,000 பேர். அவர்களுள் மலையக வழியினரும் பலர். 2019-இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்காளதேசம் ஆகிய மூன்று நாடுகளைச் சுட்டியது, இலங்கையைச் சுட்டவில்லை. குடியுரிமை தருவதே அறம் என்பார் ஒரு சாரார். வேலையும் நிலமும் வரிப்பணமும் இருக்கும் குடிகளுக்கே போதவில்லையே என்பார் மற்றொரு சாரார். ஊர் திரும்பவே விரும்புவோரும், இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்து வேறு ஊர் அறியாதோரும் முகாம்களுக்குள்ளேயே இருக்கின்றனர்.

இவ்வழக்கில் வள்ளுவர் என் சொல்வார்? நாடு என்னும் அதிகாரத்தின் மூன்றாம் குறள் (733) ஈண்டு எண்ணத்தக்கது. பிற நாடுகள் சுமந்த பாரமெல்லாம் ஒருங்கே தன்மேல் வருங்கால் அதனைத் தாங்கி, அரசுக்கு உரிய இறைப்பொருளையும் குறைவறத் தருவதே நாடு என்பது அதன் கருத்து. அப்பாரம் மக்கள் திரளும் கால்நடைத் திரளும் என விளக்குகிறார் பரிமேலழகர். பகைவர் படையெடுப்பாலோ, கொடுங்கோலாலோ, உணவின்மையாலோ அவர்கள் வருவர் என்றும், தம் நாட்டில் இருந்தாற்போல இனிதிருக்கச் செய்தலே தாங்குதல் என்றும் அவர் உரைக்கிறார். ஏதிலியரின் மூவகைக் காரணங்களையும் எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஓர் உரையாசிரியர் வகுத்திருக்கிறார்.

இன்று வாதிடும் இரு சாராரும் அக்குறளின் ஆளுக்கொரு பாதியைப் பற்றிக்கொண்டு நிற்கின்றனர். தாங்க வேண்டும் என்போர் இறைப்பொருளை எண்ணுவதில்லை. இறைப்பொருளை எண்ணுவோர் தாங்குதலை மறக்கின்றனர். வள்ளுவரோ இரண்டையும் ஒரே குறளுள் வைத்தார். வந்தவர் உழைப்பும் நாட்டின் வளமே. தேயிலையால் இலங்கை ஈட்டிய பொருள் அதற்குச் சான்று. உழைக்க உரிமையின்றி முகாமில் அடைக்கப்பட்டவரே பாரமாகின்றனர். உரிமை பெற்றவரோ இறை தரும் குடியாகின்றனர். ஆதலின் தாங்குதலும் இறை தருதலும் ஒன்றுக்கொன்று பகையல்ல. முன்னது செம்மையாக நடந்தால் பின்னதும் நடக்கும்.

அஞ்சும் உள்ளூர் உழவரை இகழ்வதும் அறமன்று. அவர் அச்சத்துக்கு உரிய விடையை அரசு தரல் வேண்டும். ஆனால் அவ்விடை, கேட்பாரற்ற மக்களை எண்களாகப் பங்கிடுவதாக அமைதல் கூடாது. அந்த எண்களுக்குள் மறைந்த மாந்தரின் முகத்தையும் குரலையும் காட்டுவது இலக்கியத்தின் கடன். தோட்டப் பாடல்களை வேலுப்பிள்ளை தேடிச்சென்று தொகுத்ததுபோல், முகாம்களில் பாடப்படும் பாடல்களையும் சொல்லப்படும் கதைகளையும் தேடித் தொகுக்கும் பணி காத்திருக்கிறது. பத்தாண்டு நிறைவுற்ற இவ்வட்டத்தின் கவிஞர்கள் அதனை மேற்கொள்வார்களாக!