கடைவாய்ப்பல்லும் தாய்மடியும்
(நன்கொடையாளர் கூடுகையில் நமது ஆஸ்பத்திரிப் போதகர் ஆற்றிய உரை)



ஆஸ்பத்திரி ஊழியத்தைப் பற்றிப் பேசச் சொன்னால், பெரிய ஆபரேஷன்களையும் பிழைக்கமாட்டார்கள் என்று கைவிடப்பட்டுப் பிழைத்தவர்களையும் பற்றிச் சொல்லுவதே எங்கள் வழக்கம். இந்த முறை ஒரு சின்னக் காரியத்தைச் சொல்ல விரும்புகிறோம். அது இரண்டு வயதுக் குழந்தைக்குக் கடைவாய்ப்பல் முளைக்கிற வலி. இதற்காகவா காணிக்கை கொடுக்கிறோம் என்று நீங்கள் நினைக்கலாம். கொஞ்சம் பொறுமையாய்க் கேளுங்கள்.

ஒரு கோடைகாலத்தில் அம்பத்தூர் எஸ்டேட் பக்கத்திலிருந்து ஒரு பாட்டியம்மாள் தன் பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்கள். பிள்ளையின் தாயும் தகப்பனும் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள். மூன்று நாளாகக் குழந்தைக்குப் பேதி. "கடவாப்பல்லு மொளைக்குதுங்க ஐயா, அதான் வயித்தால போவுது. பல்லு வெளிய வந்துட்டா நின்னுடும்" என்று எங்களிடமே சொன்னார்கள். பல் முளைத்துக்கொண்டிருந்தது மெய்தான். பின்ஈறு வீங்கிச் சிவந்திருந்தது. ஆனால் கண்கள் குழி விழுந்திருந்தன. அழுதாலும் கண்ணீர் வரவில்லை. குளுக்கோஸ் ஏற்ற நர்ஸம்மா பிள்ளையின் கையிலும் காலிலும் நரம்பு தேடிக்கொண்டிருந்தபோது ஜெபிக்கும்படி எங்களைக் கூப்பிட்டார்கள். நாங்கள் அந்தப் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். தேவகிருபையால் குழந்தை பிழைத்தது. மூன்றாம் நாள் காலையில் அது தன் புதுப் பல்லால் பாட்டியின் விரலை நன்றாகக் கடித்துவிட்டது. வார்டே சிரித்தது.

அந்த அம்மாளைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் இல்லை. அவர்கள் சொன்னதை ஒருகாலத்தில் படித்த வைத்தியர்களே எழுதிவைத்தார்கள். 1839ஆம் ஆண்டு இங்கிலாந்து, வேல்ஸ் மரணப் பதிவேட்டில் 5,016 பிள்ளைகளின் சாவுக்குக் காரணம் 'பல் முளைத்தல்' என்றே எழுதப்பட்டிருக்கிறது. காரணம் புரியாதவர்கள் அல்ல அவர்கள். பிள்ளைக்கு ஆறு மாதம் முதல் மூன்று வயதுவரை ஏதாவது ஒரு பல் வந்துகொண்டேதான் இருக்கும். அந்த வயதில் எந்த நோய் வந்தாலும் வாயைத் திறந்து பார்த்தால் பழிபோட ஒரு பல் இருக்கும். அதோடு, ஈறு அரிக்கிற பிள்ளை கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கிறது. தரையில் கிடந்த கிருமியும் கூடவே வயிற்றுக்குப் போகிறது. அதைத்தான் நாம் 'பல்லு பேதி' என்கிறோம்.

எங்கள் குழந்தை டாக்டர் சொல்லுவதைச் சுருக்கமாய்ச் சொல்லுகிறோம். பால்பற்கள் இருபது. அவற்றில் முதல் கடைவாய்ப்பற்கள் பெரும்பாலும் 13 முதல் 19 மாதத்துக்குள் வரும். எல்லாவற்றுக்கும் கடைசியில், 23 முதல் 33 மாதத்துக்குள், அதற்கும் பின்னால் உள்ளவை வரும். முன்பல் கூராக இருப்பதால் சீக்கிரம் எட்டிப்பார்த்துவிடும். கடைவாய்ப்பல்லோ அகலமானது, ஈறு பல நாள் நோகும். பிள்ளை எச்சில் வடிக்கும், காதை இழுக்கும், சோற்றைத் துப்பும், இரவில் வீறிட்டு எழும், உடம்பு லேசாய்ச் சுடலாம். ஆனால் 100.4 டிகிரிக்கு மேல் ஜுரமும் தண்ணீராய்ப் போகிற பேதியும் பல்லின் வேலை அல்ல. அவற்றுக்கு வேறே காரணம் தேடவேண்டும்.

அப்படியானால் வலிக்கு என்ன செய்வது? கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, விரலால் பின்ஈற்றை மெதுவாய் அழுத்தித் தேய்த்துவிடுங்கள். கடிக்காதபடி ஜாக்கிரதை, இந்த வயதில் முன்பல் இருக்கிறது! சுத்தமான துணியைக் காய்ச்சி ஆறிய தண்ணீரில் நனைத்து, ஃப்ரிட்ஜில் குளிரவைத்துக் கடிக்கக் கொடுக்கலாம். ஃப்ரீஸரில் வேண்டாம். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் மண்பானைத் தண்ணீரே போதும். ஆனால் அதுவும் காய்ச்சி ஊற்றியதாய் இருக்கட்டும். குழையப் பிசைந்த தயிர்சாதம் இறங்கும். கேரட் துண்டு கொடுக்காதீர்கள், கடித்த துண்டு தொண்டையில் அடைத்துக்கொள்ளும். எச்சில் வடிகிற கன்னத்தைத் துடைத்துத் தேங்காயெண்ணெய் தடவுங்கள்.

மீதியெல்லாம் மடிதான். சங்கீதம் 131இல் தாவீது தன் ஆத்துமாவைப் பால்மறந்த குழந்தைக்கு ஒப்பிடுகிறான். செமினரியில் படித்த நாட்களில் அமரிக்கையைப் பற்றிய சங்கீதம் என்று மாத்திரமே எழுதிக்கொண்டோம். குழந்தைகள் வார்டில் நடந்த பிறகுதான் வேறொன்று தோன்றிற்று. நம் வீடுகளில் பால் மறக்கிற வயதும் கடைசிக் கடைவாய்ப்பல் வருகிற வயதும் அநேகமாய் ஒன்றே. முன்பு எந்த வலிக்கும் மார்பைத் தேடின பிள்ளைக்கு, அது இல்லாமற்போன நேரத்தில்தான் இந்த வலி வருகிறது. பால் இல்லாவிட்டாலும் தாயிடத்தில் இருக்க அது கற்றுக்கொள்ளுகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு ஆவடி ஒண்டுக்குடித்தன வீட்டு வாசலில் பிள்ளையைத் தோளில் போட்டு உலாவுகிற தாய் இந்தச் சங்கீதத்தை வாசித்திருக்கவேண்டிய அவசியமில்லை.

பயப்படவேண்டியது பாட்டில்களுக்கு. இங்கிலாந்திலே பல் முளைக்கிற பிள்ளைகளுக்குப் பாதரசம் கலந்த பவுடரைப் பல தலைமுறையாய்க் கொடுத்தார்கள். கைகால் சிவந்து வேதனைப்படுகிற ஒரு வியாதி அதனால் வந்ததென்று கண்டபின், 1954வாக்கில்தான் அது கடைகளைவிட்டுப் போயிற்று. ஈற்றை மரத்துப்போகச் செய்யும் பென்சோகெய்ன் ஜெல்லை இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குப் பூசக்கூடாதென்று அமெரிக்க மருந்துத் துறை 2018இல் எச்சரித்தது. கிராம்புத் தைலம் பெரியவர்கள் பல்வலிக்கு. குழந்தை விழுங்கினால் ஈரலைக் கெடுக்கும். சொட்டு பிராந்தி தடவுகிற வீடுகளும் உண்டு, கிறிஸ்தவ வீடுகள் உட்பட.

2025ஆம் வருஷம் செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாராவிலே ஓர் இருமல் சிரப்பைக் குடித்து இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் சிறுநீரகம் செயலிழந்து மரித்தார்கள். அது நம் பூந்தமல்லி வழியாய்ப் போகிற பெங்களூர் ரோட்டில், ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டியுள்ள சுங்குவார்சத்திரத்தில் தயாரான மருந்து. அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் விஷம் 48.6 சதவீதம் இருந்ததாகப் பரிசோதனையில் தெரிந்தது. ஆகையால் 'பல்லு வலிக்கு ஏதாவது சிரப் குடுங்க' என்று கடையில் கேட்கிற பழக்கம் நம் வீடுகளில் நிற்கவேண்டும். பாராசிட்டமால் தேவைப்பட்டால் டாக்டர் எடை பார்த்துச் சொல்லட்டும்.

பேதிக்கு வழி எளிது. 1971இல் வங்காளதேசத்து அகதிகள் தங்கிய பொன்காவ் முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைப் பீப்பாய்களில் வைத்து எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றினார். அதுதான் இன்று நாம் கொடுக்கிற ஓ.ஆர்.எஸ். பொட்டலம். கூடவே பதினாலு நாள் ஜிங்க் மாத்திரை. குழந்தைப் பேதிக்குப் பெரிய காரணமான ரோட்டா வைரஸுக்கு இந்தியாவில் செய்த தடுப்பு மருந்தைச் சோதித்த மூன்று இடங்களில் நம் வேலூர் சி.எம்.சி.யும் ஒன்று. இப்போது அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 6, 10, 14ஆம் வாரங்களில் இலவசமாய்ப் போடுகிறார்கள்.

இதில் உங்கள் காணிக்கை எங்கே போகிறது என்றால், வியாழக்கிழமைதோறும் புறநோயாளர் வராந்தாவில் நடக்கும் பாட்டிமார் கூட்டத்துக்குப் போகிறது. பிள்ளையைப் பகலெல்லாம் வைத்திருக்கிறவர்கள் அவர்கள்தானே. ஒரு நர்ஸம்மா, ஒரு தண்ணீர்க் குடம், பொட்டலங்கள், டீ. இரவு வார்டில் தாய்மார் பிள்ளையை மடியில் வைத்து உட்காரக் கைவைத்த நாற்காலிகள் எட்டு வேண்டுமென்று சிஸ்டர் கேட்டிருக்கிறார்கள். இதுவரை மூன்று வந்திருக்கின்றன.

அம்பத்தூர்ப் பாட்டியம்மாள் இப்போது அந்தக் கூட்டத்தில் முன்வரிசை. பேத்தியையும் கூட்டிவருகிறார்கள். போனமுறை யாரோ பல்லு பேதி என்று தொடங்கினபோது, பேத்தியின் வாயை அகலத் திறந்து காட்டி, "இருபதும் வந்தாச்சு, பாத்துக்கங்க. அன்னிக்கு வயித்தால போனது பல்லால இல்ல" என்றார்கள். நர்ஸம்மா பேசவேண்டியதே இல்லாமற்போயிற்று.