அப்பாவை யார் கூட்டிப் போவது?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசிய அண்ணன் மின்சாரக் காரைப் பற்றிப் பேசினார். அதற்கு முன்னால் ஒரு அக்கா செயற்கை நுண்ணறிவு பற்றிப் பேசினாங்க. எனக்குக் கிடைத்த தலைப்பு காலண்டர். "ஏம்ப்பா, காலண்டரைப் பற்றிப் பேச ஒரு மெக்கானிக்கல் இன்ஜினியர் எதுக்கு?" என்று வாசலிலேயே ஒரு நண்பன் கேட்டுவிட்டான். 2010-ல் இங்கிருந்து வெளியே போனதிலிருந்து நான் செய்த தவறுகளில் பாதி, தேதி சம்பந்தப்பட்டவை. அந்தத் தகுதியில்தான் பேச வந்திருக்கிறேன்.

நம் துறைத் தலைவர் அறைக்கு வெளியே ஒரு கரும்பலகை இருந்தது, பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். லேப் தேர்வு, செமினார், கருத்தரங்கு எல்லாத் தேதியும் அதில் சாக்பீஸால் எழுதியிருக்கும். பக்கத்திலேயே சாக்பீஸும் இருக்கும். அதுதான் வினை. ஒரு முறை லேப் தேர்வுத் தேதியான 14-ஐ யாரோ ஒரு புண்ணியவான் 17 ஆக்கிவிட்டான். எங்களில் ஆறு பேர் நிம்மதியாகத் தூங்கிவிட்டோம். மறுதேர்வு வைத்துக் காப்பாற்றிய சார் இன்று முன்வரிசையில்தான் இருக்கிறார். அந்தப் புண்ணியவான் யார் என்பதை நான் சொல்ல மாட்டேன் சார், அவன் மூன்றாவது வரிசையில் இருக்கிறான்.

எல்லோரும் பார்க்கணும், ஆனால் எல்லோரும் எழுதக்கூடாது. பொதுக் காலண்டரில் முதல் சிக்கலே இதுதான். இன்றைய செயலிகள் இதற்கு வழி வைத்திருக்கின்றன. கூகுள் காலண்டரை எடுத்துக்கொண்டால் நாலு படி உண்டு: நான் ஓய்வா வேலையா என்பது மட்டும் தெரிவது, விவரம் முழுவதும் தெரிவது, திருத்த முடிவது, திருத்துவதோடு மற்றவருக்கு உரிமை கொடுக்கவும் முடிவது. நம் ஆட்கள் அவசரத்தில் எல்லோருக்கும் நாலாவதைக் கொடுத்துவிடுவார்கள். சாக்பீஸைப் பலகைக்குப் பக்கத்தில் வைத்த கதைதான்.

இரண்டாவது படியிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான். முதல் முறையாக ஒரு குழுவுக்குத் தலைவனானபோது, பதினோரு பேரும் தங்கள் காலண்டரை முழு விவரத்தோடு மற்றவர்களுக்குத் திறந்து வைக்கணும் என்று சொன்னேன். வெளிப்படையாக இருப்பது நல்லது என்று நினைத்தேன். இரண்டு வாரம் கழித்து, குழுவில் ஒரு பெண் என்னிடம் தனியாக வந்தாங்க. குழந்தைப்பேறு சிகிச்சைக்காக அவங்க ஆஸ்பத்திரியில் வாங்கியிருந்த நேரத்தை, டாக்டர் பெயரோடு, பதினோரு பேரும் பார்த்திருக்கிறார்கள். ஒருத்தர் மதிய சாப்பாட்டு வேளையில் அதைப் பற்றி விசாரிக்கவும் செய்திருக்கிறார். அவங்க கோபப்படவில்லை. "சார், இதை மாத்த முடியுமா?" என்று மட்டும் கேட்டாங்க. அன்றே மாற்றினேன். குழுவுக்குத் தேவை, செவ்வாய் காலை அவங்க இருப்பாங்களா மாட்டாங்களா என்பது மட்டும்தான். எங்கே போறாங்க என்பது நமக்கு எதற்கு?

அலுவலகங்களில் பெரும்பாலும் செயலியை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. கம்பெனி அவுட்லுக் வாங்கியிருந்தால் அவுட்லுக், கூகுள் வாங்கியிருந்தால் கூகுள். அதனால் அங்கே கேட்க வேண்டிய கேள்வி எந்தச் செயலி என்பதல்ல, எந்த ஊர் நேரத்தில் எழுதுகிறோம் என்பது. ஒவ்வொரு திங்களும் இரவு எட்டரைக்கு டெட்ராய்ட் வாடிக்கையாளரோடு எங்களுக்குக் கூட்டம். கோடையில் அங்கே அது காலை 11 மணி. நான் இந்திய நேரத்தில் பதிந்திருந்தேன். நவம்பர் முதல் ஞாயிறு அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி பின்னால் திருப்புவார்கள், 2007-லிருந்து அங்கே அந்த வழக்கம். நம் நாட்டில் அப்படி ஒன்றும் கிடையாது. ஆகவே மறுநாள் நம் எட்டரை அவர்களுக்குக் காலை 10 மணி ஆகிவிட்டது. 10 மணிக்கு அவர்களுக்கு வேறு கூட்டம். நாங்கள் ஆறு பேர் திரையில் எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். செயலி சொன்னதில் ஒரு தப்பும் இல்லை, சொன்னதைத்தான் செய்தது. அவர்கள் ஊர் நேரத்தில் பதிந்திருந்தால், எங்களுக்கு அது தானாகவே ஒன்பதரைக்குப் போயிருக்கும்.

ஐரோப்பாவோடும் வேலை செய்கிற தம்பிகளுக்கு இன்னும் சங்கடம். அங்கே அக்டோபர் கடைசி ஞாயிறே மாற்றிவிடுவார்கள். நடுவில் ஒரு வாரம் மூன்று ஊருக்கும் மூன்று கணக்கு. மார்ச்சிலும் இதே கூத்துதான், தேதிகள் மட்டும் வேறு.

சரி, வீட்டுக்கு வருவோம். நான் உண்மையில் பேச வந்தது அதைத்தான்.

எங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை. அது கண்ணின் விழித்திரையைத் தொட்டுவிட்டது. மாதம் ஒரு முறை திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரியில் கண்ணில் ஊசி போடணும். அப்பா அம்மா இருப்பது அம்பாசமுத்திரத்தில், அக்கா பாளையங்கோட்டையில், நான் சென்னையில், தம்பி பெங்களூரில். எங்களுக்கு ஒரு வாட்ஸ்ஆப் குழு. அதில் அம்மா, "வர்ற செவ்வாய் அப்பாவுக்கு ஊசி" என்று போட்டிருக்காங்க. அதற்கு மேல் சித்தப்பாவின் காலை வணக்கப் படம் எட்டு, யாரோ வீட்டு வளைகாப்பு வீடியோ மூன்று. நான் படித்தேன், அக்கா பார்த்துக்கொள்வாள் என்று விட்டேன். அந்த வாரம் தம்பி ஊருக்கு வருவதாக இருந்தது, அவன் கூட்டிப் போவான் என்று அக்கா நினைத்திருக்கிறாள். தம்பி பயணத்தை வெள்ளிக்குத் தள்ளிவைத்துவிட்டு, அதை என்னிடம் மட்டும் சொன்னான். மூன்று பேருக்கும் தேதி தெரியும். யார் என்பது ஒருத்தருக்கும் தெரியாது.

அப்பா தனியாக பஸ் ஏறிப் போயிருக்கிறார். பரிசோதனைக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட்டால் பல மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும், வெளிச்சம் கூசும். அந்தக் கண்ணோடு, ஒரு கண்ணில் கட்டோடு, திரும்பி வரும்போது பஸ் போர்டு தெரியாமல், பக்கத்தில் இருந்த காலேஜ் பையனிடம் கேட்டு ஏறி வந்திருக்கிறார். எனக்கு இது தெரிந்ததே நாலு நாள் கழித்துதான். போனில் கேட்டேன். "ஒண்ணுமில்லல, நீங்கள்லாம் வேலையில இருப்பீய, நானே போயிட்டு வந்துட்டேன்" என்றார். அதட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அன்றைக்கு ராத்திரிதான் நான் செயலி தேட ஆரம்பித்தேன். இன்ஜினியர் புத்தி, மனசு வலித்தால் ஏதாவது ஒன்றை டவுன்லோடு பண்ணும்.

மூன்று செயலிகளை மாறி மாறிப் பார்த்தோம். முதலில் கோசி. குடும்பத்துக்கென்றே செய்த அமெரிக்கச் செயலி, ஆளுக்கு ஒரு நிறம், கடைச் சாமான் பட்டியலும் அதிலேயே. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 2024-ல் காசு கொடுக்காதவர்களுக்கு முப்பது நாளுக்கு அப்பால் காட்டுவதை அவர்கள் நிறுத்திவிட்டார்கள். மூன்று மாதம் கழித்து வரச் சொல்கிற டாக்டரிடம் போகிறவர்களுக்கு முப்பது நாள் எந்த மூலைக்கு? அடுத்தது டைம்ட்ரீ, 2015-ல் ஜப்பானில் வெளிவந்தது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்குக் கீழேயும் தனியாகப் பேசிக்கொள்ளலாம். அக்காவுக்கு அது ரொம்பப் பிடித்தது. இலவசப் பதிப்பில் வருகிற விளம்பரத்தைத் தொட்டுவிட்டு, அம்மா இரண்டு முறை வேறு எங்கோ போய்விட்டாங்க. அத்தான் ஐபோன்காரர், ஆப்பிளுடைய குடும்பக் காலண்டரே போதும் என்றார். வீட்டில் மற்ற எல்லோரும் ஆண்ட்ராய்டு. அதைப் பற்றி மேலே பேசவில்லை, அவர் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பேசவில்லை.

கடைசியில் பழைய கூகுள் காலண்டர்தான். 2006-ல் வந்தது. அழகில் சுமார்தான், ஆனால் எல்லோர் போனிலும் இருக்கிறது.

அங்கேயும் ஒரு அடி வாங்கினோம், இதைக் கவனமாகக் கேளுங்கள். பொதுக் காலண்டரில் அடுத்த ஊசித் தேதியைப் பதிந்து, ஒரு நாள் முன்னால் நினைவூட்டு என்றும் வைத்தேன். என் போன் மணி அடித்தது. அக்கா போன் அடிக்கவில்லை. நான் வைக்கிற நினைவூட்டல் எனக்கு மட்டும்தான் என்று அப்புறம்தான் புரிந்தது. காலண்டரைப் பகிரலாம், மணியைப் பகிர முடியாது. ஆளாளுக்கு அவரவர் போனில் வைத்துக்கொள்ளணும், இல்லையென்றால் அந்த நிகழ்ச்சிக்கு அவரை விருந்தினராக அழைக்கணும். நாங்கள் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டோம். காரணம், அழைத்தால் வருகிறேன், வரவில்லை என்று பதில் சொல்லவும் இடம் இருக்கிறது. இப்போது எங்கள் வீட்டில் ஒரு பழக்கம், நிகழ்ச்சியின் பெயரே "அப்பா கண் ஊசி – அக்கா" என்றுதான் இருக்கும். ஆள் பெயர் இல்லாத ஆஸ்பத்திரித் தேதியைப் பதியவே கூடாது. அக்காவுக்கு முடியாமல் போனால் அவளே பெயரை மாற்றணும், மாற்றிவிட்டுப் போனும் பண்ணணும்.

அம்மா எப்படி எழுதுவாங்க என்பது அடுத்த பிரச்சினை. எங்கள் அம்மா நாற்பது வருஷமாகக் காலண்டரில் எழுதுகிறவங்க. சமையலறைச் சுவரில் மாதக் காலண்டர், கேஸ் மாற்றிய தேதி, பால் வராத நாள், சீட்டுப் பணம் எல்லாம் பென்சிலில். அந்தப் பக்கம் கூடத்தில் சிவகாசியில் அச்சடித்த தினசரி காலண்டர், அதன் தாளைக் கிழிப்பது அப்பாவின் உரிமை. போனில் எழுதச் சொல்லி ஒரு மாதம் படுத்தினேன். பிறகு தம்பி ஒரு வழி சொன்னான். அம்மா எழுதுவதைச் சுவரிலேயே எழுதட்டும், ஞாயிறு சாயங்காலம் அதைப் போட்டோ எடுத்துக் குழுவில் போடட்டும், அக்கா பார்த்துப் பதியட்டும். அப்படியே நடக்கிறது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் இது அசிங்கமான ஏற்பாடு. ஆனால் ஒரு தேதியும் தவறவில்லை.

அப்பா ஒரு முறை என் போனை வாங்கிப் பார்த்தார். "இதுல ராகுகாலம் போடலையேல?" என்றார். சிரித்தேன், ஆனால் அவர் கேள்வியில் விஷயம் இருக்கிறது. பாட்டியின் திதியை நான் "வருஷா வருஷம்" என்று பதிந்து வைத்திருந்தேன். செயலி ஆங்கிலத் தேதியைத்தானே பிடித்துக்கொள்ளும், திதி நகர்ந்துகொண்டே இருக்கும். வேறு நாட்காட்டிகளின்படி திரும்ப வரும் நாட்களைக் குறிக்க 2015-ல் ஆர்எஃப்சி 7529 என்று ஒரு தரமே எழுதியிருக்கிறார்கள். எங்கள் போன்களில் அதனால் ஒரு பயனையும் நான் பார்க்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் பஞ்சாங்கத்தைப் பார்த்து அம்மா சொல்வதைப் பதிவதுதான் வழி. அதே மாதிரி, மாதா மாதம் 31-ந் தேதி என்று எதையாவது வைத்தால், 31 இல்லாத மாதத்தில் அது வராது. வீட்டு வாடகையை அப்படி வைத்து வீட்டுக்காரரிடம் பேச்சு வாங்கினேன்.

மாணவர்களுக்கு ஒன்று. வேலைக்குச் சேர்ந்ததும் கம்பெனி ஒரு கணக்கு கொடுக்கும். எந்நேரமும் திறந்திருப்பது அதுதான் என்பதால் வீட்டு விஷயத்தையும் அதிலேயே எழுதத் தோன்றும். நானும் எழுதினேன். 2021-ல் கம்பெனி மாறியபோது லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்த அன்று சாயங்காலமே கணக்கு மூடிவிட்டது. மகளின் தடுப்பூசித் தேதிகள் அதில் இருந்தன. நல்லவேளை, ஆஸ்பத்திரி அட்டையை என் மனைவி பத்திரமாக வைத்திருந்தாங்க. கம்பெனி செய்தது தப்பில்லை, கணக்கு அவர்களுடையது.

செயலியும் அப்படித்தான், நம்முடையது இல்லை. சன்ரைஸ் என்று ஒரு காலண்டர் இருந்தது, நான் பார்த்ததிலேயே அழகானது. மைக்ரோசாஃப்ட் 2015-ல் வாங்கியது, 2016-ல் மூடியது. அதனால் எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் நாளே ஒரு சோதனை செய்து பாருங்கள், உள்ளே போட்டதை வெளியே எடுக்க முடிகிறதா என்று. ஐசிஎஸ் என்று முடியும் கோப்பாக வரணும். அதன் தரம் 1998-லேயே எழுதப்பட்டு, 2009-ல் ஆர்எஃப்சி 5545 ஆகத் திருத்தப்பட்டது. அந்தக் கோப்பை வேறு எந்த நல்ல காலண்டரும் படித்துக்கொள்ளும். வெளியே போக வழி இல்லாத வீட்டுக்குள் குடித்தனம் போகாதீர்கள்.

செயலர் அண்ணன் மேடைக்குக் கீழே கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார், முடித்துக்கொள்கிறேன். இந்தச் சந்திப்புக்குத் தேதி முடிவு பண்ண எங்கள் செட் குழுவில் மட்டும் எத்தனை செய்தி ஓடியது என்பது அவருக்குத் தெரியும். அதனால் சங்கத்துக்கு ஒரு காலண்டர் போட்டுத் தரச் சொல்லியிருக்கிறார். போட்டுவிட்டேன். என் பெயரில் இல்லை, சங்கத்தின் பெயரில் தனிக் கணக்கு. சாவி செயலரிடமும் பொருளாளரிடமும். எழுதும் உரிமை ஐந்து பேருக்கு, பார்க்கும் உரிமை உங்கள் எல்லோருக்கும். மூன்றாவது வரிசை நண்பனுக்கு எழுதும் உரிமை கிடையாது. அடுத்த சந்திப்புத் தேதியைச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிவு செய்து சொன்னால், இங்கேயே பதிந்துவிடுகிறேன். அடுத்த மாதம் இரண்டாம் செவ்வாயை மட்டும் விட்டுவிடுங்கள், அன்றைக்கு அப்பாவின் ஊசிக்கு நேராக என் பெயர் இருக்கிறது.