தெரு யாருக்குச் சொந்தம்?



தெரு யாருக்குச் சொந்தம்? அதில் குடியிருப்பவனுக்கா, அதைக் குறுக்கு வழியாக்கிப் பறக்கும் மோட்டார்காரனுக்கா? அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தின் பெர்க்லி நகர ஜனங்கள் இக்கேள்வியை எழுப்பினார்கள். பெரிய பல்கலைக்கழகம் உள்ள ஊர் அது. பெருஞ்சாலை நெரிசலுக்குத் தப்ப, கார்கள் குடியிருப்புத் தெருக்களில் புகுந்து ஓடின.

"மெதுவாகப் போ" என்று பலகை நட்டால் போதுமா? போதாது. வேகம் இரண்டு மடங்கானால் மோதும் சக்தி நான்கு மடங்கு. பிரேக் போட்டபின் வண்டி ஓடி நிற்கும் தூரமும் நான்கு மடங்கு. பலகையா குறுக்கே விழுந்து குழந்தையைக் காப்பாற்றும்?

ஆகவே 1970-களின் நடுவில் நகரசபை தெருச் சந்திகளில் தடுப்புகளை வைத்தது. கார் நேரே பாய முடியாது. திரும்பியே தீர வேண்டும். நடப்பவரும் சைக்கிள்காரரும் தாராளமாகப் போகலாம்.

எதிர்ப்பு கிளம்பியது. தடுப்புகளை அகற்றக் கோரி 1976-லும் 1977-லும் வாக்கெடுப்பு நடந்தது. இருமுறையும் ஜனங்கள் அதை முறியடித்தார்கள். 1982-ல் மாநில உச்ச நீதிமன்றம், நகரசபைக்கு அந்த அதிகாரம் இல்லை என்றது. பின்னர் மாநிலச் சட்டசபை சட்டத்தையே திருத்தி அதிகாரம் அளித்தது!

ஒன்றை நாம் மறக்கக்கூடாது. ஒரு தெருவை மட்டும் அடைத்தால், வண்டிகள் அடுத்த தெருவில் பாயும். அங்கே இருப்பவனும் உழைப்பாளிதான். அவன் பிள்ளையும் பிள்ளைதான். தெருவுக்குத் தெரு தனியாக மனுப் போட்டுப் பயனில்லை. வட்டாரம் முழுவதற்கும் ஒரே திட்டம் கேட்போம். ஒன்றாக நின்று கேட்போம்!