ரயிலை விற்கலை, பாட்டத்துக்கு விட்டாங்க

(நமது கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் செயற்குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



கடன் திருப்புதல் பற்றிப் பேசி முடித்துவிட்டோம். அடுத்தது அந்த ஒப்பந்தக்காரர் கேட்டிருக்கிற விஷயம். ரயில் பெட்டியும் ஸ்டேஷனும் சுத்தம் செய்ய 20 பெண்கள் வேணுமாம். ஆளை நம்ம கூட்டமைப்பு தந்தால் போதும், சம்பளத்தை மொத்தமாக நம்ம கையிலேயே தந்திருவாராம், நாம பிரித்துக் கொடுக்கணுமாம். "ரயில்வே வேலைலா, கவர்மெண்ட் வேலை மாதிரி, விடப்படாது" என்று பலபேர் சொன்னீங்க. அதைப் பற்றி நாலு வார்த்தை சொல்லத்தான் எழுந்தேன். அது ரயில்வே ஸ்டேஷனில் நடக்கிற வேலை, அவ்வளவுதான். ரயில்வே வேலை என்றால் என்ன என்பதை நம்ம ஊரில் வயசானவங்களிடம் கேளுங்க.

நம்ம மாவட்டத்துக்கு ரயில் வந்தது 1979-ல். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாக கன்னியாகுமரி வரைக்கும். 1981-ல் நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் பாதை திறந்தாங்க. அதுக்கு முன்னாடி ரயில் ஏறணும்னா பஸ்ஸில் திருநெல்வேலிக்கோ திருவனந்தபுரத்துக்கோ போகணும். லாபம் பார்த்து எந்தக் கம்பெனியும் இங்கே தண்டவாளம் போட வரவில்லை. அரசாங்கம்தான் போட்டுது. கேங்மேனாகச் சேர்ந்து, வெயிலிலும் மழையிலும் தண்டவாளத்தில் நடந்தே வேலை பார்த்து, பென்ஷனோடு வீட்டுக்கு வந்தவங்க உண்டு. அவங்க காலமான பிறகும் வீட்டுக்காரி குடும்பப் பென்ஷன் வாங்குதா. அதுதான் ரயில்வே வேலை.

கம்பெனி ரயிலும் நம்ம நாட்டுக்குப் புதுசு இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் தென்னிந்திய ரயில்வே என்பது ஒரு கம்பெனிதான். 1928-ல் அந்தக் கம்பெனி ஆட்களைக் குறைக்கப் போனபோது பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. அதற்காகச் சிங்காரவேலர் ஜெயிலுக்குப் போனார். 1944-ல் அரசாங்கம் அந்த ரயிலைத் தன் கையில் எடுத்தது. 1951-ல் தெற்கு ரயில்வே உண்டானது.

இப்போ என்ன நடக்கிறது? ரயில்வேயைத் தனியாருக்குக் கொடுக்கவில்லை என்று அரசாங்கம் சொல்லுது. ஒரு வகையில் அது சரிதான். யாரும் மொத்தமாக விற்கவில்லை. ஆனா ஒரு தோப்பு இருக்கிறது என்று வையுங்க. தோப்பை விற்கவில்லை. தேங்காய் வெட்டுறதை ஒருத்தருக்கு, ஓலையை ஒருத்தருக்கு, காவலை இன்னொருத்தருக்கு என்று பாட்டத்துக்கு விட்டாச்சு. பத்திரத்தில் பேரு உங்க பேருதான். தோப்பில் நின்ற வேலைக்காரன் எங்கே?

1991 வாக்கில் ரயில்வேயில் 16 லட்சத்துக்கு மேல் நிரந்தரத் தொழிலாளர்கள் இருந்தாங்க. இப்போ சுமார் 12 லட்சம். ரயிலும் கூடியிருக்கிறது, ஏறுகிற ஜனமும் கூடியிருக்கிறது. பெட்டி கழுவுறது, படுக்கை விரிப்பு, சாப்பாடு, ஸ்டேஷன் துப்புரவு எல்லாம் ஒன்றொன்றாக ஒப்பந்தத்துக்குப் போச்சு. 2019 அக்டோபரில் டெல்லிக்கும் லக்னோவுக்கும் நடுவே தேஜஸ் என்ற ரயிலை ஐ.ஆர்.சி.டி.சி. நடத்தத் தொடங்கியது. 2020 ஜூலையில், நாம கொரோனாவில் வீட்டுக்குள் கிடந்தபோது, 109 வழித்தடங்களில் 151 ரயில்களைத் தனியார் ஓட்டலாம் என்று அறிவிப்பு வந்தது. விலை கேட்க ஆளே பெருசாக வரவில்லை, அந்தத் திட்டம் அப்படியே நின்றுபோச்சு. அதோடு முடியவில்லை. 2022 ஜூனில் கோயம்புத்தூரிலிருந்து ஷீரடிக்குத் தனியார் நிறுவனம் ஒன்று ரயில் விட்டது. பாரத் கௌரவ் திட்டத்தில் அதுதான் முதல் ரயில்.

நமக்கு நேராகப் பட்ட அடி ஒன்று உண்டு. 58 வயசு தாண்டிய பெண்களுக்கு டிக்கெட்டில் பாதி விலை தள்ளுபடி இருந்ததுலா? 2020 மார்ச்சில் நிறுத்தினாங்க. கொரோனா போச்சு, தள்ளுபடி திரும்பி வரவில்லை. மகள் வீட்டுக்குச் சென்னைக்குப் போகிற பாட்டிமாருக்கு இதை நான் சொல்லித்தர வேண்டாம்.

நிரந்தர வேலைக்கு எத்தனை பேர் காத்துக் கிடக்கிறாங்க தெரியுமா? 2019-ல் ஒரு லட்சத்துச் சொச்சம் கடைநிலை இடங்களுக்கு விளம்பரம் வந்தது. ஒரு கோடிக்கு மேல் மனு. பரீட்சை நடந்தது 2022-ல். மூணு வருஷம் நம்ம பிள்ளைகள் கோச்சிங் சென்டருக்குக் காசு கட்டிக் காத்திருந்தாங்க. அந்த மூணு வருஷமும் வேலை நடக்காமலா இருந்தது? ஆள் குறைந்தால், இருக்கிறவங்க தலையில்தான் பாரம் ஏறும்.

வேறு நாட்டுக் கதை இரண்டு சொல்லுகேன். ஜப்பானில் 1987-ல் அரசு ரயிலைப் பிரித்துத் தனியார் கம்பெனிகளாக்கினாங்க. கடைசியில் 1,047 தொழிலாளர்களை வெளியே தள்ளினாங்க. அவங்க வழக்குப் போட்டு, போராடி, சமரசத் தீர்வு கிடைத்தது 2010-ல். இருபது வருஷம். அதற்குள் எத்தனை பேர் கண்ணை மூடியிருப்பாங்க!

இங்கிலாந்தில் 1990-களில் தண்டவாளம் ஒரு கம்பெனிக்கு, ரயில் ஓட்டுறது பல கம்பெனிகளுக்கு, தண்டவாளப் பராமரிப்பு வேறு ஒப்பந்தக்காரர்களுக்கு என்று பங்கு வைத்தாங்க. 2000 அக்டோபரில் ஹாட்ஃபீல்ட் என்ற ஊரில் தண்டவாளம் நொறுங்கி 4 பேர் செத்தாங்க. அந்தத் தண்டவாளத்தில் வெடிப்பு இருக்கிறது என்று முன்னமே தெரியும். மாற்றப்போடத் தண்டவாளமும் கொண்டுவந்தாச்சு. போடவில்லை. ஒருத்தர் பார்க்க, ஒருத்தர் எழுத, ஒருத்தர் செய்ய என்று வேலை சிதறினால் இப்படித்தான் ஆகும். அடுத்த வருஷமே அந்தத் தண்டவாளக் கம்பெனி நொடித்துப் போச்சு. 2024-ல் சட்டம் கொண்டுவந்து, 2025 முதல் ரயில் ஓட்டுறதையும் ஒவ்வொரு கம்பெனியாக அரசாங்கமே திரும்ப எடுத்துக்கொண்டு வருது.

தனியார் என்றாலே மோசம் என்று சொல்ல வரவில்லை. பெட்டியும் கக்கூசும் முன்னைவிடச் சுத்தமாக இருக்கிறது, அதை ஒத்துக்கொள்ளணும். ஆனா அந்தச் சுத்தம் யார் முதுகில் ஏறி வந்தது என்று பாருங்க. நம்ம குழு உறுப்பினர் ஒருத்தி ஒரு ஸ்டேஷனில் இரண்டு வருஷம் துப்புரவு வேலை பார்த்தா. பேரும் ஊரும் வேண்டாம். சம்பளம் பேங்கில்தான் விழுந்தது. ஆனா ஏ.டி.எம். கார்டு சூப்பர்வைசர் கையில். மாசாமாசம் எடுத்ததில் ஒரு பங்கு குறைத்துத்தான் அவ கைக்கு வரும். பி.எஃப். பிடித்தாங்க, கட்டினாங்களா என்று தெரியாது. ஒப்பந்தம் வேறு கம்பெனிக்குப் போனதும் அதே துடைப்பம், அதே பிளாட்பாரம், ஆனா புது ஆளாகச் சேர்ந்தா. பழைய வருஷம் கணக்கில் இல்லை. அண்டி ஆபீசில் வேலை பார்த்த அக்காமாருக்கு இதெல்லாம் தெரிந்த கதைதான்.

இப்போ நம்ம விஷயத்துக்கு வாறேன். 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டங்கள் நடைமுறைக்கு வந்திருக்கு. ஒரு நிறுவனத்தின் முக்கியமான வேலைக்கு ஒப்பந்த ஆள் வைக்கப்படாது என்று அதில் இருக்கிறது. ஆனா துப்புரவு, காவல், கேன்டீன், சுமை ஏற்றி இறக்குறது இதெல்லாம் முக்கியமான வேலைக் கணக்கில் வராதாம். பெண்கள் செய்கிற வேலை பெரும்பாலும் இதுதானே? முன்பு 20 ஆள் வைத்திருந்தாலே ஒப்பந்தக்காரருக்கு லைசென்ஸ் வேணும். இப்போ 50 ஆள் இருந்தால்தான் வேணும். ஒப்பந்தக்காரர் சம்பளம் தராவிட்டால் வேலை வாங்குகிற முதன்மை நிறுவனம் தரணும் என்ற பழைய விதி மட்டும் புதுச் சட்டத்திலும் இருக்கிறது. அது நல்லது, மறக்காதீங்க.

அப்போ சம்பளத்தை மொத்தமாக நம்ம கையில் ஏன் தருகிறேன் என்கிறார்? நாம பிரித்துக் கொடுத்தால், அந்த 20 பேருக்கு முதலாளி யார் என்று கேட்டால் கை நம்ம பக்கம்தான் நீளும். 20 பேர் என்றால் பி.எஃப். சட்டம் வரும். 10 பேர் என்றாலே இ.எஸ்.ஐ. வரும். நாளைக்கு ஒருத்தி தண்டவாளத்துப் பக்கம் வழுக்கி விழுந்தால் அவர் கையைக் காட்டுறது கூட்டமைப்பை. நம்ம சேமிப்புப் பணம் அதற்கு ஈடு கொடுக்குமா? அதைவிட, நம்ம பெண்களின் கூலியில் கமிஷன் எடுத்தால் நமக்கும் அந்த சூப்பர்வைசருக்கும் என்ன வித்தியாசம்?

வேலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீட்டில் கஷ்டம் இருக்கிறவங்களுக்கு அது வேணும். ஆனா ஒப்பந்தக்காரர் நேரடியாக ஆள் எடுக்கட்டும், சம்பளம் அவரவர் கணக்கில் போகட்டும், கார்டு அவரவர் கையில் இருக்கட்டும். பி.எஃப். நம்பர், இ.எஸ்.ஐ. கார்டு, வார விடுமுறை, கையுறை, பெண்களுக்குத் துணி மாற்ற ஒரு அறை — இத்தனையும் எழுத்தில் தரட்டும். இ.எஸ்.ஐ.க்குச் சம்பளத்தில் நம்மிடம் பிடிப்பது நூற்றுக்கு முக்கால் ரூபாய், அவங்க கட்ட வேண்டியது மூணேகால் ரூபாய். பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளம் அதில் உண்டு. இதை விட்டுக்கொடுக்க முடியாது.

இன்னொன்று. 2022 முதல் "ஒரு ஸ்டேஷன், ஒரு பொருள்" என்று ஸ்டேஷனில் ஊர்ப் பொருள் விற்கக் கடை தருகிறாங்க. சுய உதவிக் குழுக்களும் கேட்கலாம். நம்ம ஏத்தங்காய் வற்றலும் கருப்பட்டியும் அங்கே ஏன் போகப்படாது? அதற்கும் மனுப் போடலாம் என்பது என் யோசனை.

அடுத்த மாசம் முதல் சனிக்கிழமை இதை ஓட்டுக்கு விடுவோம். ஒப்பந்தக்காரரையும் வரச் சொல்லியிருக்கு. ஏற்கெனவே ஒப்பந்த வேலையில் இருக்கிறவங்க சம்பளச் சீட்டும் பி.எஃப். நம்பரும் இருந்தால் எடுத்துட்டு வாங்க. வாசிக்கத் தெரியாதவங்களுக்கு நானே வாசித்துத் தாறேன்.