கொட்டகையும் உலகமும்

(சங்கத்தின் வெள்ளிவிழாக் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

வெள்ளிவிழா மேடையில் ஏறுபவர் சங்கத்தின் பெருமையைப் பேசி அமர்வது மரபு. அப்பெருமையை எனக்கு முன் பேசிய பெரியோர்கள் நிறைவாகவே எடுத்துரைத்து விட்டார்கள். நான் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. திரைப்படங்களுக்குக் கணிப்பொறியால் காட்சிகளை ஆக்கித் தரும் ஒரு தொழிற்கூடம் பம்பாயில் தொடங்கி உலகெங்கும் வளர்ந்த கதையை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். வரலாறு படித்த ஒரு தலைமையாசிரியனுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் எண்ணக்கூடும். அத்தொடர்பு ஒரு தந்தையின் வாயிலாக ஏற்பட்டது.

சென்ற கோடை விடுமுறையில் நம் ஊரைச் சேர்ந்த விவசாயக் கூலித் தொழிலாளி ஒருவர் என் வீட்டிற்கு வந்தார். அவர் மகன் பன்னிரண்டாம் வகுப்பு தேறியவன். நன்றாகப் படம் வரைபவன். நகரத்துத் தனியார் பயிற்சி நிலையம் ஒன்றின் வண்ணத்தாளைக் கையில் வைத்திருந்தார். அனிமேஷனும் கிராஃபிக்ஸும் கற்பித்து வெளிநாட்டுப் படங்களில் வேலை வாங்கித் தருவதாக அதில் அச்சிட்டிருந்தது. கட்டணமோ இலட்சக்கணக்கில். "ஐயா, அரை ஏக்கர் இருக்குது. வித்துக் கட்டிடலாமா?" என்று கேட்டார். அந்த அரை ஏக்கர் மூன்று தலைமுறையாகக் கைவிட்டுப் போகாமல் காத்த நிலம். எனக்கு உடனே விடை கூறத் தெரியவில்லை. பத்து நாள் தவணை கேட்டேன். அந்தப் பத்து நாட்களில் நான் படித்தும் கேட்டும் அறிந்தவற்றின் சுருக்கமே இவ்வுரை.

முதலில் இத்தொழில் யாதென்று காண்போம். திரையில் ஓடும் படம், நொடிக்கு 24 அசையாப் படங்களின் தொடர். அவ்வொவ்வொன்றையும் சட்டகம் என்போம். இரண்டு மணி நேரப் படத்தில் 1,72,800 சட்டகங்கள் உள்ளன. கயிற்றில் தொங்கும் நடிகர் வானில் பறப்பதாகக் காட்ட வேண்டுமாயின், ஒவ்வொரு சட்டகத்திலும் அவர் உருவத்தின் விளிம்பைக் கோடிட்டுப் பிரித்தெடுக்க வேண்டும்; கயிற்றை அழிக்க வேண்டும்; பின்னணியில் வானத்தைப் பொருத்த வேண்டும். விளிம்பு பிரிக்கும் இவ்வேலைக்கு ரோட்டோ என்று பெயர். மாக்ஸ் ஃபிளைஷர் என்னும் அமெரிக்கர் 1917இல் காப்புரிமை பெற்ற முறை அது. அன்று கண்ணாடிமேல் காகிதம் வைத்து வரைந்தார்கள். இன்று திரைமேல் சுட்டியால் வரைகிறார்கள். கயிறு அழிப்பவர், உருவத்தைச் செதுக்குபவர், அதற்கு அசைவு ஊட்டுபவர், ஒளி அமைப்பவர், அனைத்தையும் இறுதியில் ஒன்று சேர்ப்பவர் எனப் படிப்படியாகப் பலர் உழைக்கிறார்கள்.

இனி அக்கூடத்தின் கதைக்கு வருவோம். 1995ஆம் ஆண்டில் பம்பாயில் நமித் மல்ஹோத்ரா என்னும் இளைஞர், தம் தந்தையாரின் கார் கொட்டகையில், தமக்குக் கற்பித்த ஆசிரியர் மூவரைச் சேர்த்துக்கொண்டு படத்தொகுப்புக் கூடம் ஒன்றைத் தொடங்கினார். 1997இல் அது பிரைம் ஃபோகஸ் என்னும் நிறுவனமாயிற்று. 2006இல் பங்குச் சந்தையில் முதல் திரட்டிற்று. அடுத்தடுத்து இங்கிலாந்திலும் வட அமெரிக்காவிலும் இருந்த கூடங்களை விலைக்கு வாங்கிற்று. 2010இல் 'கிளாஷ் ஆஃப் தி டைட்டன்ஸ்' என்னும் ஆங்கிலப் படத்தை முப்பரிமாணமாக மாற்றும் பணியைச் சில வாரங்களில் முடித்துக் கொடுத்தது. ஒவ்வொரு சட்டகத்திலும் ஒவ்வோர் உருவத்தையும் கோடிட்டுப் பிரிக்கும் அப்பணி, இந்தியாவில் எண்ணற்ற இளைஞர்கள் இரவு பகலாக உழைத்தால் அன்றி இயலாதது.

அதே காலத்தில் இலண்டன் மாநகரில் மற்றொரு கூடம் வளர்ந்து வந்தது. 1998இல் ஏறத்தாழ முப்பது பேருடன் தொடங்கிய டபுள் நெகடிவ் என்பது அதன் பெயர். இன்று சுருக்கமாக டிநெக் என வழங்குகின்றனர். 2010இல் வெளியான 'இன்செப்ஷன்' படத்திற்காக அது தன் முதல் ஆஸ்கர் விருதைப் பெற்றது. 2014இல் இவ்விரு நிறுவனங்களும் இணைந்தன. கார் கொட்டகையில் தொடங்கியவர் இலண்டன் கூடத்தின் தலைமையில் அமர்ந்தார். அவ்வாண்டு வெளிவந்த 'இன்டர்ஸ்டெல்லார்' முதல் 2025இல் விருது பெற்ற 'டியூன்' இரண்டாம் பாகம் வரை மேலும் ஏழு ஆஸ்கர் விருதுகள் அக்கூடத்தைச் சேர்ந்தன. இன்று அதன் கிளைகள் வான்கூவரிலும் மும்பையிலும் மட்டுமல்ல, நம் சென்னையிலும் இருக்கின்றன.

கேட்பதற்கு எவ்வளவு எழுச்சியூட்டும் கதை! ஆயினும் வரலாறு படித்தவன் கதையை இருமுறை படிக்க வேண்டும். அந்தக் கார் கொட்டகை யாருடையது? தாத்தா ஒளிப்பதிவாளர்; தந்தை படத் தயாரிப்பாளர்; மூன்றாம் தலைமுறையில் பிறந்தவர் இவ்விளைஞர். படத்துறையினர் அனைவரும் அறிந்த வீடு அது. அவருடைய உழைப்பையும் துணிவையும் நான் குறைத்துக் கூறவில்லை. ஆனால் கொட்டகை இருந்தது. அதனுள் கருவியை வாங்கி வைக்கப் பொருள் இருந்தது. தவறினால் தாங்கிக்கொள்ள வீடு இருந்தது. நம் பிள்ளைகளிடம் உழைப்பு உண்டு, துணிவும் உண்டு. கொட்டகைதான் இல்லை. என் பேச்சின் சாரம் இதுவே.

கொட்டகை இல்லாத பிள்ளை இத்தொழிலில் எங்கே போய் நிற்கிறான்? என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன் இதற்குச் சான்று. அவன் சென்னையில் இத்தகைய கூடம் ஒன்றில் ரோட்டோ வேலை செய்கிறான். கூடத்தின் பெயர் நமக்கு வேண்டியதில்லை. திரையில் நான்கு நொடி தோன்றும் காட்சிக்காக, நடிகையின் பறக்கும் கூந்தலை இழை இழையாகக் கோடிட்டுப் பல நாள் அமர்ந்திருந்ததாகக் கூறினான். படம் வெளியானபோது தன் பெயரைக் காணக் கடைசிவரை அரங்கில் நின்றிருக்கிறான். நூற்றுக்கணக்கான பெயர்கள் ஓடின. அவன் பெயர் அவற்றுள் இல்லை. "வெளக்கு போட்டு எல்லாரும் கெளம்பிட்டாங்க சார்" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெரியோர்களே! நம் செங்கம் வட்டாரத்து நடுகற்களை நீங்கள் அறிவீர்கள். அவற்றின் எழுத்துகளைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் தனி நூலாகவே வெளியிட்டது. எடுத்தனூரில் உள்ள கல்லொன்று முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது. எருமைகளைக் காக்கப் போரிட்டு வீழ்ந்த வீரன் ஒருவனுக்கு எடுத்த கல் அது. அவன் அருகே அவனுடைய நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கள்வரைக் கடித்துக் காவல் நின்ற அந்நாயின் பெயர் கோவிவன் என்பதும் அக்கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் இம்மண்ணில் ஒரு நாயின் உழைப்புக்கும் பெயர் பொறித்தார்கள். இன்று நம் பிள்ளையின் உழைப்புக்குத் திரையில் ஒரு வரி இடம் கிடைப்பது அரிதாக இருக்கிறது.

பெயர் போகட்டும், வேலையாவது நிலைக்குமா? 'லைஃப் ஆஃப் பை' என்னும் படத்தை உங்களுள் சிலர் பார்த்திருப்பீர்கள். நமக்கு அண்மையிலுள்ள புதுச்சேரியில் ஒரு பகுதி படமாக்கப்பட்டது. அதில் படகில் வரும் புலி பெரும்பாலும் கணிப்பொறியில் பிறந்த புலி. அதனை ஆக்கியது ரிதம் அண்ட் ஹியூஸ் என்னும் அமெரிக்கக் கூடம். 1987இல் தொடங்கிய அதற்கு மும்பையிலும் ஐதராபாத்திலும் கிளைகள் இருந்தன. அப்படம் உலகெங்கும் 60 கோடி டாலருக்கு மேல் ஈட்டிற்று. 2013 பிப்ரவரியில் அதற்கு ஆஸ்கர் விருது வழங்கப்பட்டது. ஆனால் அதே மாதத்தில், விருது விழாவிற்கு முன்பே, புலியை ஆக்கிய கூடம் திவால் மனு கொடுத்துவிட்டது!

இது எவ்வாறு நேர்ந்தது? நம் ஊரில் ஒப்பந்தத்திற்குக் கிணறு வெட்டுபவரை எண்ணிப் பாருங்கள். முப்பதடிக்குத் தொகை பேசிக்கொள்கிறார். இருபதாம் அடியில் பாறை தட்டுகிறது. நிலத்துக்காரரோ, "இன்னும் பத்தடி போ, பேசிய பணம்தான்" என்கிறார். கிராஃபிக்ஸ் கூடங்களும் முன்கூட்டியே ஒரு தொகைக்கு ஒப்புக்கொள்கின்றன. இயக்குநர் மாற்றங்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்; கூடுதல் உழைப்புக்குப் பெரும்பாலும் கூடுதல் பணம் இல்லை. மேலும், எந்த நாடு வரிச்சலுகை தருகிறதோ, எந்த நாட்டில் கூலி குறைவோ, அங்கே வேலை பெயர்ந்து போகிறது. 1915இல் தோன்றி, திரைக்கு வண்ணம் தந்த டெக்னிகலர் நிறுவனமும் 2025 பிப்ரவரியில் சரிந்தது. பெங்களூரில் அதனை நம்பியிருந்த ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். இப்போது விளிம்பு பிரிக்கும் வேலையைச் செயற்கை நுண்ணறிவே கற்று வருகிறது. அடிப்படியில் நிற்பவனைத்தான் வெள்ளம் முதலில் தொடும்.

அப்படியானால் நம் பிள்ளைகள் அத்திசைக்கே போக வேண்டாமா? அவ்வாறு நான் கூறவில்லை. போகவேண்டும், மேற்படிக்குப் போகவேண்டும். 'இன்டர்ஸ்டெல்லார்' படத்தில் கருந்துளை ஒன்று தோன்றும். கிப் தோர்ன் என்னும் இயற்பியல் அறிஞர் சமன்பாடுகளைத் தந்தார். டிநெக் கூடத்தார் அவற்றைக் கணிப்பொறி நிரலாக்கினர். சில சட்டகங்களைக் கணித்து முடிக்க நூறு மணி நேரம் வரை ஆயிற்று. அதனின்று ஆராய்ச்சிக் கட்டுரையும் பிறந்தது. தோர்ன் 2017இல் தம் ஈர்ப்பலை ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்றார். மேற்படியில் நிற்பவர் கணிதமும் இயற்பியலும் ஓவியமும் ஒருங்கே கற்றவர். கீழ்ப்படியில் நிற்பவர் ஒரே ஒரு கருவியை மட்டும் பழகியவர். அந்த வண்ணத்தாளில் இருந்தது கருவிப் பயிற்சி மட்டுமே.

இவ்விடத்தில் என் குற்றம் ஒன்றையும் நான் ஒப்புக்கொள்ள வேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காட்டை உயர்த்துவதற்காக ஓவிய வகுப்பைப் பல ஆண்டுகள் கணக்கு வகுப்பாக மாற்றியவன் நான். மேற்சொன்ன மாணவன் கணக்கு நோட்டின் ஓரத்தில் மாட்டின் படம் வரைந்தான் என்று பெஞ்சின்மேல் நிற்கவைத்தேன். ஓடும் மாட்டின் நான்கு கால்களையும் நான்கு நிலைகளில் வரைந்திருந்தான். அசைவூட்டத்தின் முதற்பாடம் அதுவென்று எனக்கு அன்று தெரியவில்லை.

பத்து நாள் கழித்து அந்தத் தந்தை மீண்டும் வந்தார். "நிலத்தை விற்காதீர்கள்" என்றேன். அரசு வழிகளைச் சொன்னேன். 1850இல் தொடங்கிய சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. தரமணியில் அரசின் எம்.ஜி.ஆர். திரைப்படக் கல்லூரியில் அசைவூட்டத்திற்குப் பட்டப்படிப்பே உண்டு. ஆதிதிராவிட மாணவர்க்கு 1944 முதல் நடைமுறையில் உள்ள மேற்படிப்பு உதவித்தொகை இருக்கிறது. பிளெண்டர் என்னும் மென்பொருள் 2002 முதல் எவரும் விலையின்றிப் பெறும் வண்ணம் கிடைக்கிறது. லாத்வியா என்னும் சிறு நாட்டின் இளைஞர் ஒருவர் அம்மென்பொருளைக்கொண்டு 'ஃப்ளோ' என்னும் படத்தை எடுத்தார். உலகப் பெருங்கூடங்களின் படங்களை வென்று 2025இல் அசைவூட்டப் படத்திற்கான ஆஸ்கர் விருதை அது பெற்றது. கருவி இன்று இலவசம். கருவியை வைத்துப் பழக இடமும், வழிகாட்ட ஆளும், தவறினால் தாங்கும் தோளும்தான் விலைமிக்கவை.

ஆகவே, நிருவாகக் குழுவினர்க்கு என் விண்ணப்பம் இது. இந்த வெள்ளிவிழாவின் நினைவாக வளைவு வேண்டாம், கல்வெட்டும் வேண்டாம். நம் கட்டடத்தில் ஓர் அறையை ஒதுக்குங்கள். ஐந்து கணிப்பொறிகள் வாங்குங்கள். மாலைதோறும் ஓர் ஓவிய ஆசிரியரும், ஒரு கணித ஆசிரியரும் அங்கிருக்கட்டும். ஆங்கிலம் கற்பிக்க நானே வருகிறேன். ஓய்வு பெற எனக்குச் சில ஆண்டுகளே உள்ளன. சென்னையிலிருக்கும் என் மாணவன் திங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து கற்பிப்பதாக வாக்களித்திருக்கிறான். முதற்பாடமாகப் பிள்ளைகளை நடுகற்களிடம் அழைத்துச் சென்று, எருமையையும் வீரனையும் நாயையும் வரையச் செய்வோம். பின்னர் அவற்றை ஓடவிடுவோம். படத்தின் முடிவில், விளக்குப் போட்டவர் முதல் தேநீர் தந்தவர் வரை அனைவர் பெயரும் வரட்டும்.

ஒரு குடும்பம் மூன்று தலைமுறையாகச் சேர்த்து ஒரு பிள்ளைக்குத் தந்த கொட்டகையை, நாம் ஊர் கூடிப் பல பிள்ளைகளுக்குத் தருவோம். அந்தத் தந்தையின் மகன் அவ்வறையின் முதல் மாணவனாக இருப்பான். அரை ஏக்கரில் இவ்வாண்டும் மணிலாதான் விதைத்திருக்கிறார்கள்.

இச்சங்கம் பொன்விழாக் காணும் நாளில், இதே மேடையில், அப்பிள்ளைகளுள் ஒருவர் நின்று பேச வேண்டும் என்று வாழ்த்தி அமைகிறேன்.