எல்லை தாண்டி வரும் தையல் மெஷின்

பழைய தையல் மெஷின்களைத் திருத்துவது என் தொழில். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கும் என் பட்டறைக்கு வேண்டிய பாகங்களில் முக்கால்வாசி அமெரிக்காவில் யாரோ ஒருவருடைய பேஸ்மென்டில் கிடக்கிறது. கடைகளில் கிடைக்காது, இணையச் சந்தையில்தான் தேட வேண்டும். தேடிப் பிடிப்பது தனிச் சுகம். ஆனால் பிடித்த சாமான் எல்லை தாண்டி வந்து சேருவதற்குள் நடக்கிற கூத்தைப் பற்றித்தான் இன்றைக்குக் கதைக்கப்போகிறேன்.

ஏற்பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் விற்பவர் பெட்டியைக் கட்டித் தபாற்கந்தோரில் கொடுப்பார். அது நேரே வீட்டுக்கு வரும். 2012இல் ஈபே என்ற இணையச் சந்தை ‘குளோபல் ஷிப்பிங் புரோகிராம்’ என்றொரு சேவையைத் தொடங்கியது. பிட்னி போஸ் என்ற நிறுவனம் அதை நடத்தியது. விற்பவர் கெண்டக்கி மாநிலத்தில் எர்லாங்கர் என்ற ஊரில் இருந்த கிடங்குக்கு அனுப்பினால் அவருடைய வேலை முடிந்தது. சுங்கப் பத்திரம் எழுதுவது, வரி கட்டுவது, எல்லை தாண்டுவிப்பது எல்லாம் கிடங்குக்காரர் பொறுப்பு. பிறகு பெயரை மாற்றினார்கள், கிடங்கையும் சிக்காகோப் பக்கம் கொண்டுபோனார்கள். முறை பெரிதாக மாறவில்லை. வேறு சந்தைகளிலும் இதே மாதிரிச் சேவைகள் உண்டு.

இதில் ஒரு நன்மை உண்டு, அதை மறைக்கக்கூடாது. சாதாரணக் கூரியரில் எடுப்பித்தால் வாசலில் பெட்டியோடு வந்து நின்று, வரி இவ்வளவு, வரி கட்டித் தந்ததற்கு எங்கள் கூலி இவ்வளவு என்று ஒரு தொகை கேட்பார்கள். இங்கே எல்லாவற்றையும் முன்கூட்டியே கட்டிவிடுகிறோம். வாசலில் வில்லங்கம் இல்லை.

சரி, அந்த முன்கூட்டிக் கட்டும் தொகையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கோ. இறக்குமதிக் கட்டணம் என்று ஒரே ஒரு எண் போட்டிருக்கும். அதற்குள் சுங்கவரியும் இருக்கும், விற்பனை வரியும் இருக்கும், பத்திரம் எழுதிய கூலியும் இருக்கும். எது எவ்வளவு என்று வாங்குகிற ஆளுக்குப் பிரித்துத் தெரியாது. கனடிய விதியோ தெளிவாக இருக்கிறது. 2020 ஜூலை முதல் அமெரிக்காவில் இருந்து கூரியரில் வரும் பொருள் 40 கனடிய டொலருக்குள் என்றால் சுங்கவரியும் இல்லை, விற்பனை வரியும் இல்லை. 150 டொலர் வரைக்கும் சுங்கவரி இல்லை, விற்பனை வரி மட்டும். தபாலில் வந்தால் அந்த வரம்பு பழையபடி 20 டொலர்தான். ஒன்ராறியோவில் இருக்கிறவர்களுக்கு விற்பனை வரி 13 சதவீதம். பென்சிலை எடுத்து ஒருக்கால் பெருக்கிப் பார்த்தால், அந்த ஒற்றை எண்ணில் வரி எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று ஓரளவு பிடிபடும்.

என் பட்டறையில் நடந்த ஒன்று. சிங்கர் 66 மெஷின் ஒன்று வந்தது. சிவப்பும் பொன்னுமாகப் பூ வேலை செய்து, ஆட்கள் ‘ரெட் ஐ’ என்று செல்லமாகக் கூப்பிடுவார்களே, அந்த ரகம். நூறு வருடம் ஓடின மெஷின். ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் இன்றைக்கும் பூனை நடக்கிற மாதிரிச் சத்தமில்லாமல் ஓடும். அதற்குப் பொபினும் ஒரு தகடும் தேவைப்பட்டன. (பொபின் வாங்குகிறவர்கள் கவனியுங்கோ: 66இன் பொபினும் 15இன் பொபினும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். மாற்றிப் போட்டால் கீழ்நூல் சிக்கும், பிறகு மெஷினைத் திட்டுவீர்கள்.) இரண்டும் ஒரே விற்பனையாளரிடம் இருந்தன, இரண்டும் ஒரு கடித உறைக்குள் அடங்கும். ஆனால் நான் வாங்கிய சந்தையின் சேவையில் சேர்த்து அனுப்ப வழி இல்லை. தனித்தனி அனுப்புற செலவு, தனித்தனிக் கட்டணம். சாமானின் விலையை அனுப்புற செலவு விழுங்கிவிட்டது. விற்பவர் நியூயோர்க் மாநிலத்து பஃபலோ நகரத்துக்காரர். பஃபலோவுக்கும் ரொறன்ரோவுக்கும் காரில் இரண்டு மணி நேரத்துக்குக் கிட்டத்தான் ஓட்டம். இடையில் கிடங்கு என்று ஒன்று வந்தபடியால் சாமான் எல்லைக்கு எதிர்த்திசையில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போய்விட்டுத் திரும்பி வந்தது. நான் பட்டறையில் காத்துக்கொண்டிருக்க, திரையில் ‘ஒப்படைக்கப்பட்டது’ என்று காட்டியது. கிடங்கில் ஒப்படைத்திருக்கிறார்கள்! அதற்குப் பிறகு வேறு இலக்கம், வேறு வாகனம்.

சின்னப் பாகம் என்றால் பொறுத்துப்போகலாம். முழு மெஷின் வருகிறபோதுதான் நெஞ்சு இடிக்கும். வார்ப்பிரும்பு மெஷினைக் கட்டுவது ஒரு கைவேலை. அடித்தளத்தில் இருந்து தலையைக் கழற்ற வேண்டும். நூல்கட்டை குத்துகிற கம்பியைக் கழற்றித் தனியாகச் சுற்ற வேண்டும். முதலில் முறிவது அதுதான். வலது பக்கம் இருக்கிற கைச்சில்லு எந்தச் சுவரிலும் முட்டாதபடி சுற்றிவர இடம் விட்டுத் தடித்த நுரை வைக்க வேண்டும். பிறகு பெட்டிக்குள் பெட்டி. உள்ளே மெஷின் ஒரு விரற்கடை அசைந்தாலும் முடிந்தது கதை. தன் பாரத்திலேயே தன்னை உடைத்துக்கொள்ளும்.

மார்க்கம் நகரில் இருக்கும் ஒரு அக்கா, தன் அம்மா சாவகச்சேரியில் வைத்திருந்த அதே மாதிரி சிங்கர் 66 மெஷின் வேண்டும் என்று என்னிடம் வந்தார். தேடிப் பிடித்தோம். விற்பவருக்கு எழுதினேன், மனிசன் நான் சொன்னபடியே கட்டி, ஒவ்வொரு கட்டத்தையும் படம் பிடித்து அனுப்பினார். வந்த பெட்டியைத் திறந்தால் பெட்டியே வேறு. இடையில் யாரோ திறந்து பார்த்து, அளவில் சின்னப் பெட்டி ஒன்றில் மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். நுரையைக் காணவில்லை, கசக்கிய கடதாசிதான் இருந்தது. கைச்சில்லின் விளிம்பில் ஒரு துண்டு இல்லை. இப்படித் திறந்து மாற்றிக் கட்டுவதற்கு இந்தச் சேவைகளின் விதிமுறையில் இடம் வைத்திருப்பார்கள். நான் நல்லபடி கிடங்கில் கொடுத்தேன் என்றார் விற்பவர். அது உண்மைதான். சந்தைக்காரர் மறுபேச்சில்லாமல் காசைத் திருப்பித் தந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் அந்த அக்கா காசுக்கு அழவில்லை. புதுச் சாமான் உடைந்தால் இன்னொன்று வாங்கலாம். இதற்கு இன்னொன்று எங்கே போய் வாங்குவது? இதைவிட, கிடங்கில் முடங்கிப்போன பொருளை விற்பவருக்குத் திருப்பி அனுப்பாமல், வேறு ஆட்களுக்கு விற்றுத்தள்ளக் கிடங்குக்காரருக்கு உரிமை உண்டு என்பதும் பலருக்குத் தெரியாது.

இன்னொரு வேடிக்கை சொல்கிறேன். சிங்கர் கொம்பனிக்குக் கனடாவிலேயே, கியூபெக்கில் சாஞ்ஜோன் என்ற ஊரில் 1986 வரை பெரிய தொழிற்சாலை இருந்தது. மெஷினின் வரிசை எண் ‘ஜே’ எழுத்தில் தொடங்கினால் அங்கே பிறந்தது. கையில் தூக்கிக்கொண்டு போகிற ‘ஃபெதர்வெயிட்’ மெஷின்கள்கூட அங்கே செய்தார்கள். அப்படி ஒன்று அமெரிக்காவுக்குப் போய், எங்கள் வாடிக்கையாளர் ஒருவருக்காக இறக்குமதிக் கட்டணத்தோடு திரும்பி வந்தது! கனடாவில் செய்து வெளியே போய்த் திரும்புகிற பொருளுக்குச் சுங்கத்தில் தனி விதியே இருக்கிறது. கணக்குப் போடுகிற கணினி வரிசை எண்ணை வாசிக்குமா என்ன? நீங்களே சுங்கக் கந்தோருக்குப் போய் விளக்கம் சொல்லி எடுக்கிற வழி மற்றக் கூரியர்களில் உண்டு. இங்கே முதலே கட்டி முடித்தபடியால் கேட்க ஆள் இல்லை.

வானொலி நிலையத்தார் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கை காட்டுகிறார்கள். வேகமாகச் சொல்கிறேன். வாங்கமுன் விற்பவருக்கு இரண்டு வரி எழுதுங்கோ: நேரே தபாலில் அனுப்புவீர்களா, இரண்டையும் சேர்த்துக் கட்டுவீர்களா என்று. பலர் சம்மதிப்பார்கள்; அந்தச் சேவையில் தாங்கள் சேர்ந்திருப்பதே சிலருக்கு நினைவில் இருக்காது. பாரமான, உடையக்கூடிய, இன்னொன்று கிடைக்காத பொருள் என்றால் எல்லைக்கு அந்தப்பக்கம் இருக்கிற சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்புவித்து, போய் எடுத்துவந்து, சுங்கத்தில் சொல்லி வரியைக் கட்டிவிடுங்கோ. பஃபலோவில் மச்சான் இருந்தால் இப்போதே அவரோடு கோபதாபத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கோ.

அந்த அக்காவுக்கு இன்னும் கைச்சில்லு கிடைக்கவில்லை. உங்கள் வீட்டு பேஸ்மென்டில் ஓடாத சிங்கர் 66 ஒன்று கிடந்தால், குப்பைக்கு வைக்கமுன் நிலையத்துக்கு ஒரு அழைப்பு எடுங்கோ. என் இலக்கம் அவர்களிடம் இருக்கிறது.